வேகத்தைக் கூட்டியது நான்தான், அண்ணி

நான் வாசற்படி ஏறியதும் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதற்கப்புறமே பேச்சைத் தொடங்கும் என் அண்ணிக்கு,

ஒரு கேள்வி. இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போதும் தெரிந்திருக்கப் போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்தது யார் என்று தெரிந்திருந்தும் நீங்கள் என்னிடம் சொல்லாமல் இருந்தீர்கள். அது என்மேல் இருந்த பிரியத்தினாலா, என்னிடம் இருந்த பயத்தினாலா?

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். உங்கள் காரியத்தன்று காக்கைக்குச் சோறு வைத்தபோதுகூட ஒதுங்கித்தான் நின்றேன். பிறகு எதற்கு எழுதுகிறேன்? மனதுக்குள் சொல்லிக்கொண்டால் நானே கேட்டு நானே மன்னித்துக்கொள்வேன். அந்த வசதி எனக்கு வேண்டாம். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். அதே இரும்பு உருக்காலை, அதே ஃபர்னஸ் ஷிஃப்ட். சாப்பாடு ஆலை கேன்டீனில். வீட்டுக்கு வந்தால் ஒரு சாதம் வைத்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றி முடித்துக்கொள்கிறார். நான் திருவள்ளூரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் குழம்பு வைத்துவிட்டு வருகிறேன். உங்கள் குழம்பு மாதிரி இல்லை என்று அவர் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதை இந்தக் குடும்பத்தில் எல்லோருமே நன்றாகச் செய்கிறோம்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில், வீட்டு முன்னறையை நீட்டி மேலே தகர ஷீட் போட்டு நீங்கள் நடத்திய டைப்பிங் கடையைப் பற்றித்தான் எழுத வந்தேன். வேலை தேடி வருகிறவர்களின் பயோடேட்டா, காது குத்தல் பத்திரிகை, தாலுகா ஆபீசுக்கு மனு, காண்ட்ராக்டர்கள் கம்பெனி வாசலில் கொடுக்கும் ஆள் பட்டியல். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நீங்கள், மும்தாஜ். பழவேற்காட்டில் பிறந்து அங்கே வாழ வந்த மும்தாஜ், கணவர் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கடையை நம்பித்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். உங்களை அக்கா என்பாள். என்னை டீச்சர் என்பாள்.

போன வருஷம் கோடை விடுமுறையில் நான் வந்திருந்தபோது நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். புதிதாகப் போட்ட தமிழ் எழுத்துருக்களும் பத்திரிகை வடிவமைக்கும் புரோகிராமும் சேர்ந்ததில் உங்கள் கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது. அதுவும் பழைய பெட்டி, யாரோ அசெம்பிள் செய்து கொடுத்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம் என்றீர்கள். நான் இயற்பியல் முதுகலை. பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் இல்லாத வருஷங்களில் அந்த லேபையும் பார்த்துக்கொண்டவள். திறந்து பார்த்துவிட்டு, மெமரி போதாது என்றேன். அடுத்த முறை வரும்போது சென்னையில் புது மெமரி ஒன்று வாங்கி வந்தேன். பழையதை எடுக்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் புதியதையும் செருகினேன்.

நீங்கள் குங்குமச் சிமிழோடு வந்து நின்றீர்கள்.

"புதுசு வாங்கியாந்துகீற. ஒரு பொட்டு வெச்சிட்டுப் போடேன் டீச்சரம்மா."

"அதுல பொட்டு வெச்சா ஷார்ட் ஆயிடும் அண்ணி."

"சயின்ஸு படிச்சவளாண்ட பேச முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் வைத்தீர்கள். பிறகு மும்தாஜைப் பார்த்து, "எல்லா ஊட்லயும் நாத்தனாருக்கு நாமதான் சீரு செய்யணும். எங்க ஊட்ல பாத்தியா, நாத்தனாரு எனக்குச் செய்யுது" என்றீர்கள்.

"கழுத்துல போட்டுக்கிற மாறி இன்னாத்த குடுத்தாங்க? பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டாங்க" என்றாள் மும்தாஜ்.

நீங்கள் இருவரும் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. நான் சிரிக்கவில்லை. வேலையில் இருந்தேன்.

அண்ணி, அதோடு நான் கையை எடுத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடியது. பக்கங்கள் சட்டென்று திறந்தன. ஆனால் ஆன் செய்ததும் வரும் கறுப்புத் திரையில் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். புது மெமரி நானூறு வேகத்தில் ஓடக்கூடியது. பழையது முந்நூற்று முப்பத்து மூன்றுக்கு மேல் போகாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டையும் ஓட்டும்படி அந்தப் பெட்டி தானாகவே முடிவு செய்துகொள்கிறது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஓடக்கூடிய ஒன்றை எதற்கு நடக்கவிட வேண்டும்?

செட்டிங்குக்குள் போனேன். தானாகவே பார்த்துக்கொள் என்று இருந்ததை எடுத்துவிட்டு வேகத்தை நானே நானூறு என்று வைத்தேன். அதோடும் விடவில்லை. டைமிங் என்று ஒரு பகுதி உண்டு. கேட்டதை எடுத்துக் கொடுக்க மெமரிக்கு எத்தனை துடிப்பு அவகாசம் தர வேண்டும் என்ற கணக்கு அது. அவகாசத்தைக் குறைத்தால் வேகம் இன்னும் கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். குறைத்தேன். பெட்டி மறுபடி ஆன் ஆயிற்று. காலை நேரம், ஷீட் இன்னும் சூடாகவில்லை. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்தேன். அரை மணி நேரச் சோதனையை வைத்து முடிவெழுதும் மாணவிக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

அந்த வாரத்திலிருந்தே அது நிற்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியதும் திரை அப்படியே உறைந்துவிடும். சில நாள் நீலத் திரை. சில நாள் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் இருந்து, சேமித்த பக்கத்தைத் திறந்தால் நடுவில் ஒரு வரி புரியாத குறிகளாக மாறியிருக்கும்.

மதியத்துக்கு மேல்தான் நிற்கிறது என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் சொல்லும் விடைதான். உருக்காலையில் கரண்டில் எரியும் உலையை, அந்த ஃபர்னஸை, போட்டால் தெரு முழுக்க டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். மிக்ஸி எரிந்தாலும் அதுதான் காரணம், டிவி போனாலும் அதுதான் காரணம். படித்தவள் நானும் அதையே சொன்னேன், வோல்டேஜ் என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு. ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். யூபிஎஸ் வாங்க வைத்தேன். வாசலில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட வைத்தேன். அண்ணன் கடப்பாரை பிடித்து வெட்டினார். அவர் வேலை செய்வதும் அதே ஃபர்னஸில்தான்.

"உன் ஃபர்னஸ்தான்யா என் பொழப்புல மண்ண போடுது" என்று நீங்கள் அவரைச் சீண்டுவீர்கள். அவர் குழிக்குள் குனிந்துகொள்வார். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குழி வெட்டியும் தொல்லை தீரவில்லை. பிறகு உங்கள் சிறுநீரகம் பழுதாயிற்று. சென்னைக்கு டயாலிசிஸ் போய்வர ஆரம்பித்தீர்கள். போய்வந்த மறுநாளே கடையில் உட்காருவீர்கள். ஒரு மதியம் பள்ளி ஆசிரியர் அறைக்கு உங்கள் போன் வந்தது.

"வசந்தி, இது மறுபடியும் நின்னுடிச்சி. ஒரே பக்கத்த நாலாவது தபா அடிக்கிறேன்."

"யூபிஎஸ் ஆன்ல இருக்கா?"

"கீது."

"அப்ப நீங்கதான் எதையோ மாத்தி அழுத்தியிருப்பீங்க அண்ணி. உடம்பு முடியாதப்ப கை தவறும். கம்ப்யூட்டர் தானா தப்பு பண்ணாது."

"ஆமாமா, கைதான் நடுங்குது. சாப்ட்டியா நீ?" என்றீர்கள்.

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டேன். அடுத்த வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு என்ன பாடம் என்றுகூட நினைவிருக்கிறது, ஆனால் அதற்கப்புறம் நீங்கள் கம்ப்யூட்டர் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போகும் மாதம் வரை, முடியாத உடம்போடு, அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கடையை மும்தாஜ் பார்த்துக்கொண்டாள். ஒரு காண்ட்ராக்டருக்கு அவள் அடித்துக் கொடுத்த ஆள் பட்டியலில் இரண்டு பெயர்கள் சிதைந்து போயிருந்தன. அந்த இரண்டு பேரையும் கம்பெனி வாசலில் உள்ளே விடவில்லை. காண்ட்ராக்டர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். அண்ணன் வழக்கம்போல "வசந்தியக் கேட்டுக்கலாம்" என்றார். நான் போனேன். மும்தாஜை உட்கார வைத்து விசாரித்தேன். அடித்து முடித்ததும் சரிபார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றாள். பார்த்திருந்தால் இது எப்படி வந்தது என்றேன். பிள்ளைகளை அதில் விளையாட விடுகிறாயா என்றேன். அவள் முகம் சுருங்கியது. கடையை இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்று அண்ணனிடம் அவள் முன்னாலேயே சொன்னேன்.

"டீச்சர், ஒரு வார்த்த சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வேணாம், உடுங்க."

நான் விட்டுவிட்டேன். வற்புறுத்திக் கேட்டிருக்கலாம்.

கடையை மூடியதும் பெட்டியைத் திருவள்ளூருக்கு எடுத்து வந்தேன், வீட்டில் எனக்கு உதவும் என்று. முதல் நாள் காலை கேள்வித்தாள் அடித்தேன், ஓடியது. மதியம் அது நின்றது.

அண்ணி, என் தெருவில் ஃபர்னஸ் இல்லை. கோர்ட்டும் தாலுகா ஆபீசும்தான் இருக்கின்றன. டியூப்லைட் கண் சிமிட்டவில்லை. மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. உறைந்து போன திரைக்கு முன்னால் நான் வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு எளிய சோதனை. பெட்டியை வேறு ஊருக்குக் கொண்டு போய் ஓட்டிப் பார்ப்பது. நீங்கள் உயிரோடு இருந்தபோது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை என்பதுகூடச் சரியில்லை. என் விடையில் எனக்குத் திருப்தி இருந்தது.

பள்ளி லேபில் மெமரியைச் சோதிக்கும் புரோகிராம் ஒன்று சிடியில் இருந்தது. கொண்டு வந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வரியும் ஒரு பிழை. எழுதி வைத்த இடத்தில் எழுதியது இல்லை என்று அர்த்தம். திரை நிறைந்து மேலே ஓடியது. நிறுத்தினேன்.

பெட்டியைத் திறந்து பழைய மெமரியை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அப்போது என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? பழையதுதான் கெட்டுவிட்டது, நான் வாங்கியது நன்றாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்தது. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்தேன். சிவப்பு வரிகள். சரி, தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று செட்டிங்குக்குள் போனேன். அங்கே என் கைவேலை அப்படியே இருந்தது. நானூறு. குறைத்த அவகாசம். எதையும் யோசிக்காமல், தானாகவே பார்த்துக்கொள் என்று பழையபடி மாற்றிவிட்டு, அதே பழைய மெமரியைச் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதித்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய்விட்டு வரும்வரை ஓடவிட்டேன். வெயில் கொளுத்திய நாள் அது. வந்து பார்த்தால் திரையில் சிவப்பு என்று ஒரு புள்ளி இல்லை.

பழையது கெட்டுப்போகவில்லை. புதியதும் கெட்டதில்லை. தன்னால் முடியாத வேகத்தில் ஒன்றை ஓடச் சொன்னது நான்.

மும்தாஜுக்குப் போன் செய்தேன்.

"அது எப்போலேர்ந்து நிக்க ஆரம்பிச்சது மும்தாஜ்?"

"இன்னாத்துக்கு டீச்சர் இப்ப அது? கடைதான் மூடியாச்சே."

"தெரிஞ்சிக்கணும்."

"நெசத்த சொன்னா கோவிச்சிக்குவீங்களா?"

"மாட்டேன்."

"நீங்க அந்த மெமரிய போட்டீங்க இல்ல, அதுக்கப்புறம்தான். அக்கா அந்த வாரமே கண்டுபுடிச்சிடுச்சி. பஜார்ல ஆளக் கூட்டியாந்து கழட்டிடலாம்க்கான்னேன். 'வாய மூடு. நாத்தனாரு ஆசையா வாங்கியாந்து மாட்டினது. கழட்டிட்டேன்னு தெரிஞ்சா அதும் மூஞ்சி இன்னாவும்?'னுச்சி."

"அப்படியே சொன்னாங்களா?"

"அப்டியேதான். சிரிச்சிக்கினுதான் சொல்லிச்சி."

"சிரிச்சிக்கிட்டா?"

"அக்கா எதுக்குத்தான் டீச்சர் சிரிக்கல?"

அவள் மூஞ்சி என்னவாகும். இந்த வார்த்தையைத்தான் இன்று சாயங்காலம் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறேன். என் முகம் வாடிப்போகும் என்று சொன்னீர்களா? அல்லது என் முகம் எப்படி இறுகும் என்று தெரிந்து சொன்னீர்களா? என் முகத்தை எனக்குத் தெரியும். வகுப்பில் யாராவது தப்பான விடை சொன்னால் நான் திட்டுவதில்லை. சும்மா பார்ப்பேன். அந்த மாணவி தானாகவே உட்கார்ந்துவிடுவாள். அதை நான் என் கண்டிப்பு என்று பெருமையாக நினைத்திருந்தேன். உங்களையும் எத்தனை முறை அப்படிப் பார்த்திருப்பேன்?

நாத்தனார் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் அது தண்ணீர் குடிப்பதுபோல் வந்துவிடுகிறது. கொடுத்த புடவை சாயம் போனாலும் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதுபோல என் மெமரியையும் கட்டிக்கொண்டு நின்றீர்கள். புடவையாக இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நாளைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி போகிறேன். மும்தாஜிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிக் கடையைத் திறக்கச் சொல்வேன். அண்ணனிடமும் சொல்வேன். வோல்டேஜ், வெயில், பழைய பெட்டி என்று எதையும் முன்னால் நிறுத்தாமல், உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது உட்பட, முழுவதையும் சொல்வேன்.

இதற்குக் கீழே எழுதுவது மறுநாள் சாயங்காலம்.

பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனேன். அண்ணனுக்கு வார விடுமுறை. மும்தாஜை வரச் சொல்லியிருந்தேன். அவள் வந்து, மூலையில் மடித்து வைத்திருந்த நாற்காலியைப் பிரித்துப் போட்டாள், ஆனால் உட்காரவில்லை. ஒயர்களை மாட்டி முடித்ததும், தள்ளிப் போட்டால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவளிடம் சொன்னேன். பட்டியலில் பெயர் கெட்டது உன்னால் இல்லை, நான் மாற்றி வைத்த செட்டிங்கினால். உன்னை அன்று அப்படிக் கேட்டது தப்பு.

அவள் கீபோர்டில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"மனுசங்க சொன்னா நம்ப மாட்டீங்க. பொட்டி செவப்பா காட்டினாதான் நம்புவீங்களா டீச்சர்?"

கடையை நீயே நடத்து என்றேன்.

"நடத்தறேன். ஆனா ஒண்ணு. இனிமே அதும் உள்ள கைய வெக்கிறதா இருந்தா என்னாண்ட கேட்டுட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிவாசல் கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டிருந்த நோட்டீஸை அடிக்க ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியது. ஷீட் சடசடத்தது. ஒரு சமயம் டியூப்லைட் கண்ணை மூடித் திறந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, அந்த ஒரு நொடி அது நின்றுவிட வேண்டும் என்று விரும்பினேன். நின்றால் தப்பு ஃபர்னஸுக்குப் போய்விடும். அது நிற்கவில்லை. மும்தாஜ் விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நிக்கலியே. இன்னா வசந்தி பண்ண?"

சொன்னேன். மெமரி, வேகம், அவகாசம். அவருக்குப் புரிகிற மாதிரி சுருக்கமாக. அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப எங்க ஃபர்னஸ் இல்லியா?"

"இல்லண்ணா."

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியும்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் டெய்லி மிஸ்டு கால் குடுத்துக்கினு இருந்தேனேம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஃபர்னஸ் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், உலை மேடையை விட்டு இறங்கி வந்து உங்கள் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாராம். அது அடித்தால் நீங்கள் பக்கத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் ஏற்பாடாம். ஃபோர்மேன் ஒருமுறை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். அதற்கப்புறம் டீக்கடைக்காரரின் போனிலிருந்து கொடுத்தாராம். நீங்கள் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், பழக்க தோஷத்தில் ஒருநாள் கொடுத்துவிட்டாராம்.

"எங்க ஆலையாலதான் அவளுக்கு ரெட்ட வேலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "அவளுக்குத் தெரியுமா இது? ஃபர்னஸ் இல்லன்னு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மும்தாஜ் திரும்பாமலே சொன்னாள்: "அக்காக்கு இன்னாண்ணே தெரியும்? கரண்டுன்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சி. உங்க கால் வந்தா போதும், கைவேலைய அப்டியே போட்டுட்டு சேவ் பண்ணும்."

"பண்ணுவாளா?"

"ஒரு தபாகூட உட்டதில்ல."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து டீ வாங்கப் போனார். மும்தாஜ் அடிப்பதை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் டீயோடு திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை. முழுவதையும் சொல்வேன் என்று நேற்று எழுதிய வரி மேலேயே இருக்கிறது. அதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

என் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. அந்த மெமரியைக் கழற்றியிருந்தால் மிஸ்டு கால் வருவதும் நின்றிருக்கும். நீங்கள் சும்மா இருந்தது அவருடைய அந்த அழைப்புக்காகத்தானோ, அதற்கு நான் காரணமே இல்லையோ? அப்படி நினைத்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. அதனாலேயே அதை நான் நம்பவில்லை.

நோட்டீஸ் முடிந்தது. பிரின்டரிலிருந்து வந்த தாளை மும்தாஜ் என்னிடம் நீட்டினாள், சரிபார்க்கச் சொல்லி. எழுத்து எழுத்தாகப் படித்தேன். பிழை இல்லை.

அண்ணனுக்கு இன்னும் பாதிதான் தெரியும். மும்தாஜ் அவருக்குக் கொடுத்த ஆறுதலைப் பிடுங்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அவர் மனைவியைப் பற்றிய ஒரு விஷயத்தை அவர் அறிவதற்கு முன்னால் ஊரார் படிக்க நான் விடமாட்டேன். அவரை உட்கார வைத்து, நேருக்கு நேர் பார்த்து, மிச்சத்தையும் சொன்ன பிறகே இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. யாரோ ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்றால், அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் குறை சொல்லாமல் விட்ட உங்கள் நாத்தனார்,
வசந்தி